நிறைமாதத்து ஆயத்தம்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரை)



பாடசாலையின் பழைய பெருமைகளைச் சொல்ல இந்த மேடையில் என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். என்னை அழைத்தவர்கள், "நீங்கள் உங்கள் தொழிலைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். குடும்பநல உத்தியோகத்தர் என்பது அரசாங்கம் எனக்குத் தந்த பெயர். ஊருக்கு நான் 'மிட்வைஃப்'. ஓய்வு பெறும்வரை வீடு வீடாகப் போய் வந்தவள். ஆகவே, ஒரு வீட்டில் பிள்ளை பிறக்கப்போகும் கடைசி நாலைந்து வாரங்களில் அந்த வீடு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றிப் பேசுகிறேன். பிள்ளை பெற்று முடித்தவர்கள் எழுந்து போக வேண்டாம். நிறைமாத வீட்டில் முடிவெடுப்பவர்கள் நீங்கள்தான்.

இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு களுத்துறையில் தொடங்கியது 1926இல். நம் சங்கத்தைப் போல அதற்கும் ஏறத்தாழ நூறு வயது. மருத்துவமாது வீட்டுக்கு வந்து கர்ப்பிணியைப் பார்க்கும் வழக்கம் நாடெங்கும் பரவியது அந்தப் பிரிவுகளின் வழியாகத்தான். 1930களில் இந்த நாட்டில் ஆயிரம் பிரசவத்துக்கு ஏறத்தாழ இருபது தாய்மார் இறந்தார்கள். கிட்டத்தட்ட ஐம்பது பிரசவத்துக்கு ஒரு தாய். நம் உம்மம்மாமார் அந்தக் காலத்தில் மருத்துவிச்சியின் கையை நம்பி, வீட்டின் உள்ளறையில் பிள்ளை பெற்றவர்கள். இன்று ஒரு இலட்சம் பிரசவத்துக்கு முப்பது, நாற்பது என்ற அளவுக்கு அந்த இழப்பு குறைந்திருக்கிறது. பிரசவங்கள் அநேகமாக எல்லாமே வைத்தியசாலையில்தான் நடக்கின்றன. இலவச வைத்தியம், கிளினிக், மலேரியாக் கட்டுப்பாடு, பாதைகள் எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. பெண்பிள்ளைகளைப் படிக்க வைத்த இதுபோன்ற பாடசாலைகளுக்கும் அதில் பங்கு உண்டு. கிளினிக் அட்டையை வாசிக்கத் தெரிந்த தாய் தன் பாதி வைத்தியத்தைத் தானே செய்துகொள்கிறாள்.

அப்படியென்றால் இன்னும் என்ன பயம் என்று கேட்பீர்கள். 1994இல் செரீன் தடேயஸ், டெபோரா மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள், பிரசவத்தில் தாய் இறப்பதற்குப் பின்னால் மூன்று தாமதங்கள் இருப்பதாக எழுதினார்கள். வைத்தியம் தேட முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், போன இடத்தில் உரிய சிகிச்சை கிடைப்பதில் தாமதம். மூன்றாவதை அரசாங்கமும் வைத்தியர்களும் பார்க்க வேண்டும். முதல் இரண்டும் நம் வீட்டுக்குள் இருக்கின்றன.

ஒரு வீட்டை மனதில் எண்ணிப் பாருங்கள். பிள்ளைக்கு முப்பத்தாறு வாரம். இரவு பதினொரு மணி. "உம்மா, தலை இடிக்குது, கண்ணுக்கு முன்னால மின்னுற மாதிரி இருக்கு" என்கிறாள் மகள். உம்மா தைலம் தடவிவிடுகிறார். மருமகன் கட்டாரில் இருக்கிறார். அங்கே அப்போது இரவு எட்டரை, வேலை நேரம், தொலைபேசி எடுபடவில்லை. "மருமகனிடம் ஒரு வார்த்தை கேளாமல் எப்படிக் கொண்டுபோறது?" என்கிறார் வாப்பா. "நாளைக்குக் கிளினிக் நாள்தானே, விடியட்டும்" என்கிறார் மாமி. அந்த வீட்டில் அவளை நேசிக்காத ஒருவர் இல்லை. ஆனால் அது உயர் இரத்த அழுத்தத்தின் அறிகுறி. வலிப்பு வருவதற்கு விடியும்வரை காத்திருக்கத் தெரியாது.

நம் கரையோர ஊர்களில் பெண்ணுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. கல்யாணம் முடித்தாலும் அவள் உம்மாவின் வளவிலேயே இருக்கிறாள். மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். பிள்ளைப்பேற்றுக்கென்று எங்கும் போக வேண்டியதில்லை. உம்மா, சாச்சி, ராத்தா எல்லோரும் கூப்பிடு தூரம். ஆனால் கருத்துச் சொல்ல ஆட்கள் கூடிய வீட்டில் முடிவு சொல்ல ஆள் இல்லாமல் போவதும் உண்டு. அதனால் நான் சொல்லும் முதல் ஆயத்தம், பையைக் கட்டுவதற்கு முன் பேச்சை முடியுங்கள். முப்பத்தைந்தாம் வாரத்தில் ஒரு நாள் பின்னேரம் எல்லோரும் இருந்து, கணவர் வெளிநாட்டில் என்றால் அவரையும் தொலைபேசியில் வைத்துக்கொண்டு, ஒரு விடயத்தைத் தீர்மானியுங்கள்: இந்த அறிகுறிகளில் ஒன்று வந்தால், அந்த நேரத்தில் வீட்டில் நிற்பவர் யாரையும் கேட்காமல் அவளை வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார். கணவருக்கு வழியில் சொல்லிக்கொள்ளலாம். அந்த அனுமதியை அவர் முன்கூட்டியே வாயால் தந்திருக்க வேண்டும்.

அந்த அறிகுறிகள் இவை. தாளில் எழுதி, குளிரூட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள்.

கடும் தலையிடி, கண் மங்குதல், முகமும் கையும் திடீரென்று வீங்குதல், நெஞ்சுக்குழிக்குக் கீழே நோவு. இரத்தம் போதல், அது எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும். நோவு இல்லாமலே நீர் போதல். நீர்க்குடம் உடைந்ததா, சிறுநீரா என்று வீட்டில் விவாதிக்க வேண்டாம், வைத்தியசாலையில் பார்த்துச் சொல்வார்கள். காய்ச்சல், மூச்சு வாங்குதல், வலிப்பு. எல்லாவற்றையும்விட அதிகமாகப் பிந்திச் சொல்லப்படுவது பிள்ளையின் அசைவு குறைதல். "பிறக்கும் காலம் நெருங்கினால் பிள்ளை அசையாது" என்று சொல்வார்கள். அது பிழை. அசைவின் விதம் மாறலாம், அசைவு குறையக் கூடாது. வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தாய்க்குத் தோன்றினால் அன்றைக்கே போக வேண்டும். தாய்க்குத் தோன்றுவதே போதுமான காரணம். படுக்கும்போது மல்லாந்து படுக்காமல் ஒரு பக்கமாகச் சரிந்து படுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது ஆயத்தம் வழி. கல்முனைக்காரருக்கு அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் பக்கத்தில் இருக்கின்றன. சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் ஆதார வைத்தியசாலைகள் உண்டு. இங்கே முடியாததற்கு மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை. கிட்ட இருக்கிறது என்ற நினைப்பே சில வேளை நம்மைப் பிந்த வைக்கும். மாரி காலத்தில் காரைதீவு - மாவடிப்பள்ளிப் பாதையை வெள்ளம் மூடினால் சம்மாந்துறைப் பக்கத்துக்குப் போக்குவரத்து நின்றுவிடும். கார்த்திகை, மார்கழியில் பிள்ளை பிறக்க இருந்தால், வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் நாள் நெருங்குமுன் இந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிடுவது நல்லது. நோன்பு மாதம் என்றால் தராவீஹ் நேரத்தில் வீட்டு ஆண்களும் பள்ளியில், வேன் சாரதியும் பள்ளியில். ஆகவே ஒரு சாரதி போதாது. இரண்டு பேரின் இலக்கம் வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் பணம் இல்லாமல் வரும். வீட்டுச் சிறு பிள்ளைகளுக்கும் அந்த இலக்கத்தைப் பாடமாக்கிவிடுங்கள். நோன்பைச் சொன்னதால் இதையும் சொல்கிறேன்: கர்ப்பிணிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு வரும் என்று அஞ்சினால் பிறகு நோற்கலாம். வைத்தியரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

மூன்றாவது ஆயத்தம் பத்திரங்கள். 2004 டிசம்பர் 26ஐ இந்த ஊருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அன்று கல்முனையில் கண்டெடுக்கப்பட்டு வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட ஒரு குழந்தை '81ஆம் இலக்கக் குழந்தை' என்று உலகமெங்கும் பேசப்பட்டது. பிள்ளை தம்முடையது என்று காட்டப் பெற்றோரிடம் இருந்த பத்திரங்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. நீதிமன்றக் கட்டளைப்படி மரபணுப் பரிசோதனை நடந்து, 2005 பெப்ரவரியில்தான் பிள்ளை பெற்றோரின் கைக்கு வந்தது. கர்ப்பிணி அட்டை, இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் அறிக்கைகள், அடையாள அட்டை, விவாகச் சான்றிதழின் பிரதி எல்லாவற்றையும் தண்ணீர் புகாத ஒரு பையில் போட்டு வையுங்கள். ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். தாயின் இரத்த வகையை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். அவள் 'நெகட்டிவ்' வகை, பிள்ளை 'பொசிட்டிவ்' வகை என்றால், பிரசவத்தின் பின் 72 மணித்தியாலத்துக்குள் ஓர் ஊசி போட வேண்டும். அடுத்த பிள்ளையைக் காப்பாற்றும் ஊசி அது. பிள்ளை பிறந்த பிறகு, பிறப்புப் பதிவை மூன்று மாதம் தாண்ட விடாதீர்கள்.

இனிப் பை. தாய்க்கு முன்பக்கம் திறக்கும் சட்டை இரண்டு மூன்று, துவாய், சனிட்டரி நெப்கின், செருப்பு, குடிதண்ணீர்ப் போத்தல், கொஞ்சம் ஈச்சம்பழம். பிள்ளைக்குத் தொப்பி, சட்டை, துணி நெப்பி, சுற்றி எடுக்க மெல்லிய துணி. பிள்ளை பிறக்குமுன் உடுப்பு வாங்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். சரி, வாங்க வேண்டாம். வீட்டில் கிடக்கும் பழைய மருதமுனைச் சாரனைக் கிழித்துக் கழுவி, நல்ல வெயிலில் காயப்போட்டு மடித்து வைப்பதற்கு ஒருவரும் தடை சொல்லவில்லை. பிறந்த பிள்ளையின் தோலுக்குப் புதுத் துணியைவிட அதுவே சுகம். ஏணை கட்டும் வளையையும் கயிற்றையும் வாப்பாமார் இப்போதே இழுத்துப் பார்க்கட்டும்.

ஒரு கேள்வியையும் கிளினிக்கில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்: பிரசவ அறையில் பெண் ஒருவரைத் துணைக்கு வைத்திருக்க விடுவார்களா? ஸூரா மர்யமை ஓதுபவர்களுக்குத் தெரியும். ஈச்சமரத்தடியில் நோவெடுத்த மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்கு அந்த வேளையில் கிடைத்தவை பழமும் நீரும் கவலைப்படாதே என்ற ஆறுதலும். பிரசவிக்கும் பெண்ணுக்கு இன்றைக்கும் ஆறுதல் வேண்டும்.

பிள்ளை பிறந்தபின் நடப்பதையும் பிறக்குமுன் பேசி வையுங்கள். முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால். மஞ்சளாக வரும் முதல் சீம்பாலைப் பிழிந்து ஊற்றிவிடக் கூடாது. பிள்ளைக்கு நோயைத் தடுக்கும் முதல் மருந்து அது. ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கக் கூடாது. பிள்ளையின் குடலில் நஞ்சை உண்டாக்கும் கிருமி தேனில் இருக்கலாம். தொப்புள்கொடியில் எதையும் பூச வேண்டாம், காய்ந்து இருந்தால் போதும். நாற்பது நாளும் சரக்குக் கறி கொடுங்கள், பால்சுறாவும் முருங்கை இலையும் கொடுங்கள், நானும் சாப்பிட்டவள்தான். ஆனால் பால் கொடுப்பவளுக்குத் தண்ணீரை மறுக்காதீர்கள். அவளுக்குக் காய்ச்சல் வந்தாலோ, ஒரு மணித்தியாலத்தில் ஒரு நெப்கின் நனையும் அளவுக்கு இரத்தம் போனாலோ, காலில் ஒன்று மட்டும் வீங்கி நொந்தாலோ, மீண்டும் வைத்தியசாலைதான். இரண்டு வாரம் கடந்தும் காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தால், பிள்ளையைப் பார்க்கவே மனமில்லை என்றால், அதைக் கண்ணூறு என்று விட்டுவிடாதீர்கள். அதுவும் ஒரு நோய், அதற்கும் வைத்தியம் உண்டு.

டோஹாவிலும் லண்டனிலும் மெல்பனிலும் இருந்து இந்த மலரை வாசிக்கும் தங்கச்சிமாருக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு வைத்தியசாலை நல்லது, அம்புலன்ஸ் நல்லது. இல்லாதது கூப்பிடு தூரத்தில் ஓர் உம்மா. விசா கிடைத்து உம்மா வருவார் என்று மட்டும் நம்பியிருக்காமல், நடுராத்திரியில் கதவைத் தட்டக்கூடிய ஒரு வீட்டை முப்பத்தைந்தாம் வாரத்துக்கு முன் தேடிக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்காரியிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நம் பாடசாலையில் படித்தவளாக இருந்தால் மறுக்கமாட்டாள்.

நம் சங்கத்திடமும் நான் ஒன்று கேட்கிறேன். நூற்றாண்டு நினைவாகக் கட்டிடமும் கட்டுங்கள், நல்லது. அதோடு, ஊரில் எந்த நேரமும் வண்டி எடுக்கச் சம்மதிக்கும் சாரதிகளின் இலக்கங்களையும், நான் சொன்ன அறிகுறிகளையும் ஒரே தாளில் அச்சிட்டு ஒவ்வொரு நிறைமாத வீட்டுக்கும் கொடுங்கள். வருடத்தில் ஒரு நாள் இந்த மண்டபத்தில் இரத்ததான முகாம் நடத்துங்கள். இதற்குச் செலவு பெரிதாக இல்லை. அந்தத் தாளை ஒட்டிய வீட்டில் இரவு பதினொரு மணிக்கு ஒரு பெண் "தலை இடிக்குது" என்று சொன்னால், யாரும் யாரையும் பார்த்துக்கொண்டு நிற்காமல் செருப்பை மாட்டுவார்கள்.