நிர்மால்யப் பூவும் உணவின் நிறமும்

(அன்னதானக் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆண்டவன் திருமேனியிலிருந்து களைந்த மாலையை நிர்மால்யம் என்கிறோம். அது காலில் மிதிபடக் கூடாது என்பது பெரியோர் வாக்கு. ஆனால் திருவிழாவிற்கு மறுநாள், நம் கோயிலின் பின்புறம் அதே மாலைகள் கறுப்புப் பைகளில் குப்பை லாரிக்குக் காத்திருக்கின்றன. இதைக் கண்டு நான் பலமுறை வருந்தியதுண்டு.

முப்பது ஆண்டுகள் அறிவியல் கற்பித்தவன் என்ற துணிச்சலில், சென்ற நவராத்திரியின்போது ஒரு காரியம் செய்தேன். நிர்மால்யமாக வந்த செண்டுமல்லியின் இதழ்களை உதிர்த்து, வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினேன். கலர் பவுடருக்குப் பதிலாக அன்னதானக் கேசரியில் சேர்க்கலாம் என்று, அந்த மஞ்சள் நீரைச் சமையற்கட்டில் கொண்டுபோய் வைத்தேன்.

அங்கு உதவிக்கு வந்திருந்த என் பழைய மாணவி உணவு ஆய்வுக்கூடத்தில் பணிபுரிபவர். "சார், இந்தப் பூவுக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பூக்கடைக்காரருக்கும் தெரியவில்லை. அந்தப் பாத்திரத்தை நானே கொண்டுபோய்க் கொட்டினேன். அன்று அவர் கேட்டிராவிட்டால், அது நம் பிள்ளைகளின் இலைக்குப் போயிருக்கும்.

பிறகு அவர் விளக்கினார். செண்டுமல்லி இதழில் லூட்டின் என்ற நிறமி இருக்கிறது. முட்டையின் மஞ்சள் கருவுக்கு நிறம் கூட்ட, இதைக் கோழித் தீவனத்தில் சேர்க்கிறார்கள். உணவுப் பொட்டலங்களில் இ161பி என்று குறிப்பிடப்படுவதும் இதுவே. லூட்டின் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆலைகளில் இதைப் பிரிக்கப் பெரும்பாலும் ஹெக்ஸேன் என்னும் பெட்ரோலியக் கரைப்பானைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குப் பதிலாக எத்தனாலையோ, மிகுந்த அழுத்தத்தில் கரியமில வாயுவையோ கொண்டு பிரிப்பதே பசுமை முறை. அழுத்தத்தைக் குறைத்தால் வாயு பிரிந்துவிடும்; சாறு மட்டும் மிஞ்சும்.

ஆனால், அன்பர்களே, பூச்சிமருந்துகளில் பலவும் எண்ணெயில் கரைபவையே. சாற்றில் நிறம் செறியும்போது மருந்தும் சேர்ந்து செறியக்கூடும். பசுமை முறை கரைப்பானைத்தான் தூய்மையாக்குகிறது, பூவைத் தூய்மையாக்குவதில்லை. பூவின் தூய்மை தோட்டத்திலேயே தொடங்க வேண்டும்.

இதற்கு நம் வேலியிலேயே வழி உண்டு. சனீஸ்வரருக்குச் சாற்றும் சங்குப்பூவை மலாய் மக்கள் பூங்கா தெலாங் என்பர். கிளந்தான் நாசி கெராபுவுக்கு நீல நிறம் தருவது அதுதான். அதன் நிறமி நீரிலேயே இறங்கும். வேறு கரைப்பான் தேவையில்லை. எலுமிச்சைச் சாறு பட்டால் நீலம் ஊதாவாகும். 2021-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் இதன் சாற்றை உணவு நிறமாக அனுமதித்தது.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. கடையில் வாங்கிய மாலைகளின் நூலைப் பிரித்து, பூவை உரக்குழியில் இடுவோம். உணவில் சேர்க்க வேண்டாம். கோயில் வேலியில் மருந்தடிக்காமல் சங்குப்பூக்கொடி வளர்ப்போம். அந்தப் பூவைத் தனித்தட்டில் சாற்றி, குங்குமமும் கற்பூரமும் படாமல் அன்றே எடுத்துக் கழுவி, பானகத்திற்கு நிறமாகச் சேர்ப்போம்.

நிறம் குறைந்த கேசரியால் எந்தப் பக்தருக்கும் குறை வராது. நம்பிக் கையேந்துபவருக்கு நாம் அறியாத ஒன்றைப் பரிமாறுவதே குறை. கொடி படரப் பந்தல் அமைக்க முன்வரும் அன்பர்களை வரவேற்கிறேன்.