ஒரே படகு, இரண்டு கொடி

(வீராம்பட்டினத்தில் மீன்பிடித் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



அரியாங்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி இங்கே நடந்து வந்தோம். வழிநெடுக நடிகர் மன்றப் பலகைகள். ஒவ்வொன்றும் புதுப் பெயிண்ட் அடித்து, தலைவர், செயலாளர், பொருளாளர் பெயரெல்லாம் எழுதிப் பளிச்சென்று இருக்கிறது. நமது சங்கப் பலகையையும் பார்த்தோம். மழையிலும் உப்புக்காற்றிலும் பெயரின் முதலெழுத்தும் கடைசி எழுத்தும்தான் மிஞ்சியிருக்கின்றன. கூட வந்த தோழர் ஒருவர் சலித்துக்கொண்டார்: “ஜனங்களுக்குச் சினிமாப் பைத்தியம் பிடித்துவிட்டது. இவர்களை வைத்துக்கொண்டு என்ன இயக்கம் நடத்துவது?”

அந்தத் தோழரோடு இன்று உங்கள் முன்னிலையில் வாதாட விரும்புகிறோம். அவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். கோபித்துக்கொள்ள மாட்டார்.

1936 ஜூலை 30 அன்று இந்தப் புதுச்சேரி மண்ணில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் துப்பாக்கிகள் ஆலைத் தொழிலாளர்களைச் சுட்டன. 12 பேர் மாண்டார்கள். தோழர் வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் பலனாக 1937-ல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அதுவரை இருட்டில் மில்லுக்குள் போய் இருட்டில் வெளியே வந்தவன், அதற்குப் பிறகுதான் வேலை நாளில் மாலை வெயிலைப் பார்த்தான்.

சரி, இரத்தம் சிந்தி அந்த மாலைப் பொழுதை வாங்கினோம். அந்தப் பொழுதில் தொழிலாளி எங்கே போனான்?

சங்க ஆபீசுக்கு வந்தான். சந்தா கட்ட வந்தான், சார்ஜ் மெமோவுக்குப் பதில் எழுதிக்கொள்ள வந்தான், போனஸ் பேச்சு என்ன ஆயிற்று என்று கேட்க வந்தான். காரியம் முடிந்ததும் எழுந்து போய்விட்டான். மீதிப் பொழுதை டீக்கடைப் பெஞ்சிலும், டூரிங் கொட்டகையின் மணல் தரையிலும் கழித்தான். அங்கே நாம் இல்லை. அங்கே அவனே தனக்கென்று ஒரு ஸ்தாபனத்தை நிறுவிக்கொண்டான். அதற்குப் பெயர்தான் ரசிகர் மன்றம்.

அந்த மன்றத்தை யார் கட்டினார்கள்? எந்த முதலாளியும் கட்டவில்லை. நெசவுத் தறியில் நின்றவனும், ரிக்‌ஷா மிதித்தவனும், மூட்டை தூக்கியவனும், பாகூர்ப் பக்கத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவனும் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுக் கட்டினார்கள். ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு பெஞ்சு, ஒரு நாளேடு, சுவரில் ஒரு படம். அந்தப் பெஞ்சில் உட்கார ஜாதி கேட்கவில்லை. அதே ஊரில் கோயில் வாசலிலும் டீக்கடையிலும் ஜாதி கேட்டார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதை எடைபோட வேண்டும். சேரிப் பையன் செயலாளராக இருந்தான், கணக்கு எழுதினான், கல்யாணத்துக்கும் சாவுக்கும் முதல் ஆளாய் நின்றான். கூட்டம் நடத்தவும், நோட்டீஸ் அச்சடிக்கவும், ரசீது போடவும் ஆயிரக்கணக்கான உழைப்பாளி வாலிபர்கள் அங்கேதான் கற்றார்கள். நாம் கற்றுக்கொடுத்திருக்க வேண்டியவை இவை.

அவர்கள் கொண்டாடிய நடிகர் யார்? எம்.ஜி.ஆர். அவருடைய படங்களின் பெயர்களைப் பாருங்கள்: ‘தொழிலாளி’, ‘படகோட்டி’ இரண்டும் 1964-ல் வந்தவை. ‘விவசாயி’ 1967. ‘ரிக்‌ஷாக்காரன்’ 1971. உங்கள் தொழிலையே பெயராக வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தக் கதாநாயகன் வாயில் உழைப்பவனின் பாட்டை வைத்தவர்களில் ஒருவர் யார்? நமது தோழர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்! விவசாய இயக்கத்தில் வளர்ந்து, 1959-ல் 29 வயதில் மறைந்த அந்தக் கவிஞர்தான். பாட்டு நம்முடையது, கைதட்டல் வேறிடத்துக்குப் போயிற்று.

எம்.ஜி.ஆர். 1953-லிருந்து தி.மு.க.வில் இருந்தார். ஆகவே அவருடைய மன்றமும் தி.மு.க. கிளையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. 1967 தேர்தலில் குண்டடிபட்டுக் கழுத்தில் கட்டுடன் படுத்திருந்த அவருடைய படம் ஊரெங்கும் ஒட்டப்பட்டது. காங்கிரஸ் ஆட்சி போயிற்று. சிவாஜி மன்றத்தார் காமராஜர் பக்கம் நின்றார்கள். தீபாவளிக்கு எந்தப் படம் ஓடுகிறது என்பதில் வாய்ச்சண்டை நடக்கும். சில சமயம் கைச்சண்டையும் நடக்கும். ஆனால் தெரு இரண்டாகவில்லை.

தெரு இரண்டானது 1972-ல்.

கட்சிக் கணக்கைக் காட்டச் சொல்லி எம்.ஜி.ஆர். பேசினார். அக்டோபர் 10-ல் தி.மு.க. அவரைத் தற்காலிகமாக நீக்கியது. சில நாட்களில் நிரந்தரமாக விலக்கியது. அக்டோபர் 17-ல் அண்ணா தி.மு.க. பிறந்தது. அதே ஆண்டில்தான் கலைஞர் கருணாநிதியின் மகன் மு.க. முத்து ‘பிள்ளையோ பிள்ளை’ படத்தில் கதாநாயகனாக வந்திருந்தார். தங்கள் மன்றங்களை முத்து மன்றங்களாக மாற்றப் பார்க்கிறார்கள் என்று எம்.ஜி.ஆர். மன்றத்தார் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரம் எப்படி இருந்தது என்று மூத்த தோழர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். காலையில் ஒரே பெஞ்சில் பேப்பர் படித்தவர்கள் மாலையில் அந்தப் பெஞ்சு யாருக்குச் சொந்தம் என்று மோதிக்கொண்டார்கள். கொட்டகை யாருக்கு? உண்டியல் யாருக்கு? அண்ணா படம் யாருக்கு? அண்ணன் பழைய கொடியில் நின்றான், தம்பி புதுக் கொடிக்குப் போனான். பெண் கொடுத்த வீட்டார் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு எம்.ஜி.ஆர். தம் கட்சியினரைக் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார், குத்திக்கொண்டார்கள். கம்பத்தில் ஏற்றிய கொடியை இறக்கலாம். தோலில் ஏற்றிய கொடியை எப்படி இறக்குவது?

இங்கே ஒன்று கேட்கிறோம். அந்தப் பிளவு யாருக்கும் யாருக்கும் நடுவில் ஓடியது? மிராசுதாரருக்கும் கூலியாளுக்கும் நடுவிலா? படகு முதலாளிக்கும் பங்குக்காரனுக்கும் நடுவிலா? இல்லை. கூலியாளுக்கும் கூலியாளுக்கும் நடுவில் ஓடியது. மிராசுதாரர் இரண்டு கட்சிக்கும் நன்கொடை கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

மன்றத்தாரைப் பார்த்துச் சிரிக்க நமக்கும் வாயில்லை. நாமே 1964-ல் இரண்டு கட்சியானோம். அந்தப் பிளவுக்குக் கொள்கைக் காரணங்கள் உண்டு, அவற்றை மறுக்கவில்லை. ஆனால் ஒரே மில் வாசலில் இரண்டு செங்கொடி பறந்தபோது, நூற்புக் கூடத்தில் நின்ற தொழிலாளி எதைக் கண்டான் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

1972-க்குப் பிறகு நாம் என்ன செய்தோம்? இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மூத்த தலைவர் எம். கல்யாணசுந்தரம் எம்.ஜி.ஆருக்கு ஆதரவாக நின்றார். 1973 மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் புதுக் கட்சி வென்றது. 1974-ல் கோவை மில் தொழிலாளர்கள் நிறைந்த தொகுதியில், அ.தி.மு.க. ஆதரவுடன் தோழர் பார்வதி கிருஷ்ணன் பார்லிமெண்டுக்குப் போனார். அதே 1974-ல் அண்ணா தி.மு.க. முதன்முதலாக ஆட்சி ஏறியது எங்கே தெரியுமா? சென்னையில் அல்ல, நமது புதுச்சேரியில்! கம்யூனிஸ்டு உறுப்பினர்களின் ஆதரவுடன் எஸ். ராமசாமி முதலமைச்சரானார். மார்ச் 6-ல் ஏறிய மந்திரிசபை, பெரும்பான்மை இல்லாமல் அந்த மாதம் முடிவதற்குள் இறங்கிவிட்டது.

கூட்டணி வைத்தது சரியா, தப்பா என்று இப்போது விசாரணை நடத்த வரவில்லை. ஸீட் எண்ணினோம், மன்றத்துக்குள் போகவில்லை. நமது தவறு அங்கேதான் இருக்கிறது. தேர்தலுக்குப் பத்து நாள் அந்தப் பையன்களோடு ஒரே ஜீப்பில் போனோம். தேர்தல் முடிந்ததும் அவர்களைச் “சினிமாக்காரர்கள்” என்றோம். அவர்கள் நம்மை என்னவென்று சொல்லியிருப்பார்கள்?

எம்.ஜி.ஆர். ஆட்சியைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். 1977-ல் தமிழ்நாட்டில் ஆட்சிக்கு வந்தார். 1982-ல் சத்துணவுத் திட்டம் வந்தது. கூலிக்காரன் பிள்ளை பள்ளிக்கூடத்தில் வயிறாரச் சாப்பிட்டது. அதைக் குறை சொல்ல நாக்குக் கூசும். அதே ஆட்சியில்தான் 1981-ல் மதுவிலக்குத் தளர்ந்து, 1983-ல் டாஸ்மாக் கம்பெனி வந்தது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-ல் ஆங்கிலத்தில் எழுதிய ஆராய்ச்சி நூல் ‘பிம்பச் சிறை’ என்று தமிழிலும் வந்திருக்கிறது. ஏழைகளின் வாக்கில் வந்த ஆட்சி ஏழைகளிடமே எப்படி வரி பிடித்தது என்பதை அதில் படிக்கலாம். அப்புறம், 1985-ல் சென்னை மெரினா. கடற்கரையை அழகுபடுத்த வேண்டுமென்று கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற வந்தது சர்க்கார். மீனவர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. சுட்டது ‘படகோட்டி’யின் ஆட்சி! செத்தவர்களில் எத்தனை பேர் வீட்டுச் சுவரில் அவருடைய படம் மாட்டியிருந்ததோ!

அந்தப் ‘படகோட்டி’ கதை என்ன? இரண்டு மீனவக் கூட்டம். இரண்டுக்கும் தீராப் பகை. பகையை மூட்டிவிட்டு, நடுவில் நின்று லாபம் பார்க்கிறான் ஒரு பணக்காரன். கதாநாயகன் இரண்டு கூட்டத்தையும் ஒன்றுசேர்க்கிறான். அதைப் பத்துத் தடவை பார்த்துக் கைதட்டியவர்கள்தான் 1972-ல் பெஞ்சுக்காகச் சண்டை போட்டார்கள். இன்னொன்று சொல்ல வாய் வரவில்லை, ஆனாலும் சொல்கிறோம். 2021 ஆகஸ்டில் வீராம்பட்டினத்துக்கும் நல்லவாட்டுக்கும் சுருக்குமடி வலைக்காகக் கடலில் மோதல் வந்து, போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது உங்கள் கண்முன் நடந்தது. எந்த ஊர் சரி என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. அந்த வலையில் முதலைப் போட்டவன் எத்தனை பேர், அதை இழுத்துப் பங்கு வாங்குகிறவன் எத்தனை பேர் என்பதை மட்டும் இரண்டு ஊரிலும் எண்ணிப் பாருங்கள் என்கிறோம்.

இனி இன்றைய வாலிபர்களிடம் வருவோம். நாமும் யோக்கியர்கள் அல்ல. 1995-ல் ‘பாட்ஷா’ வந்தபோது பள்ளிக்கூடப் பையன்களாக மூங்கில் சாரம் ஏறிக் கட்-அவுட்டுக்கு மாலை போட்டிருக்கிறோம். அடுத்த ஆண்டு ரஜினி தி.மு.க.-த.மா.கா. அணிக்குக் குரல் கொடுத்தார், மன்றம் முழுவதும் அங்கே போயிற்று. 2005-ல் விஜயகாந்த் மன்றங்களையே கட்சியாக்கினார். 2024-ல் விஜய் கட்சி தொடங்கினார்; அதன் பொதுச் செயலாளராக வந்தவர் நமது புஸ்ஸி தொகுதியில் எம்.எல்.ஏ.வாக இருந்தவர்.

2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் 41 உயிர்கள் நெரிசலில் போயின. பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. அன்றிரவே போனில் ஆளுக்கொரு பக்கம் நின்று, குற்றம் யாருடையது என்று ஏசிக்கொண்டார்கள். சாவு வீட்டில்கூடக் கொடி பார்த்துத் துக்கம் விசாரிக்கும் காலம் வந்துவிட்டதா, தோழர்களே? அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களை “முட்டாள்கள்” என்று நம்மவரிலேயே சிலர் சொன்னார்கள். வெட்கப்பட வேண்டும். தன் பேச்சை எவனாவது கேட்பானா என்று ஏங்கும் வாலிபன் தனக்குத் தெரிந்த ஒரே முகத்தைத் தேடிப் போகிறான்.

ரோடியர் மில் 2020 ஏப்ரலில் மூடப்பட்டது. அப்பன் ஷிப்டு முடிந்து சங்கத்துக்கு வந்தான். மகனுக்கு மில்லும் இல்லை, சங்கும் இல்லை, ஷிப்டும் இல்லை. வெள்ளைக்காரத் தெரு ஹோட்டலில் தட்டுக் கழுவுகிறான். சைக்கிள் மோட்டாரில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு ஓடுகிறான். எட்டு மணி நேரம் என்பது அவனுக்குப் பாட்டன் கதை. 12 பேர் உயிர்கொடுத்து வாங்கிய மாலைப் பொழுதை அவன் கையிலிருந்து மறுபடியும் பிடுங்கிவிட்டார்கள். மிஞ்சிய அரை மணியில் அவனுக்கு மன்றம்தான் இருக்கிறது. அவனிடம் போய் “மன்றத்தை விடு” என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஆகவே முன்வரிசைத் தோழருக்கு நமது யோசனை இது. வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இந்தத் தெருவிலுள்ள எல்லா மன்றங்களுக்கும் போகிறோம். எந்த நடிகர் பெரியவர் என்ற பேச்சை எடுக்க மாட்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் படகில் கூலிக்குப் போகிறவன் வீட்டில் உலை கொதிப்பதற்குக் கொடுக்கும் நிவாரணம் போதுமா, கூடை சுமந்து மீன் விற்கும் தாய்மார்களின் பெயர் பட்டியலில் இருக்கிறதா, ஹோட்டல் வேலைக்குச் சம்பளச் சீட்டு உண்டா என்று கேட்கப் போகிறோம். அவர்கள் சொல்வதை அவர்கள் கையாலேயே எழுதி வாங்குவோம். மனுவில் எல்லா மன்றச் செயலாளர்களின் கையெழுத்தும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரவேண்டும். நல்லவாட்டு மன்றங்களுக்கும் அதே தாளோடு போவோம்.

பலகைக்குப் பெயிண்ட் வாங்கும் பொறுப்பு முன்வரிசைத் தோழருடையது. எழுத்து எழுத ஆள் வேண்டும். மன்றப் பலகைகளை அவ்வளவு அழகாக எழுதிய பையன் யாரென்று விசாரித்து, அவனையே கூப்பிடச் சொல்லியிருக்கிறோம்.