இருநூற்று எழுபத்து மூன்றாம் எண்

நேயர்களே, கேம்பிரிட்ஜ் வானியலார் 1959இல் வெளியிட்ட மூன்றாம் அட்டவணையில் பெயர்கள் இல்லை, எண்களே உண்டு. வானில் ரேடியோ அலைகளை வீசும் 471 இடங்கள் அதில் அடங்கும். இப்போது என் குரலைத் தாங்கி வருவனவும் அவ்வின அலைகளே. 273ஆம் எண்ணுக்குரிய பொருள் யாது? அட்டவணை திசையை மட்டும் சொல்லிற்று, அதுவும் துல்லியமன்று.

துணைக்கு வந்தது சந்திரன். 1962 ஆகஸ்டில் சந்திரன் அவ்விடத்தை மறைத்த கணத்தையும் விடுவித்த கணத்தையும் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி கொண்டு குறித்தனர். சந்திரனின் விளிம்பு எக்கணத்தில் எங்கே நிற்கும் என்பது கணக்கில் தெரியுமாதலால், அலைகளின் பிறப்பிடம் பிடிபட்டது. அங்கிருந்ததோ, கன்னி ராசியில் ஒரு மங்கிய விண்மீன்! பல்லாண்டுகளாகப் புகைப்படத் தகடுகளில் பதிந்தும் எவரும் பொருட்படுத்தாதது.

அதன் நிறமாலைக் கோடுகள் எதனோடும் பொருந்தாமல் மார்ட்டின் ஷ்மிட்டைத் திகைக்க வைத்தன. 1963இல் அவருக்கு விளங்கிற்று: அவை நாமறிந்த ஹைட்ரஜன் கோடுகளே, நூற்றுக்குப் பதினாறு பங்கு சிவப்பு நோக்கி நகர்ந்திருந்தன. எனவே அது விண்மீனன்று. இருநூறு கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பாலுள்ள நட்சத்திர மண்டலமொன்றின் மையம். அத்தகையவற்றையே குவாசர் என்கிறோம்.

ஸ்லோன் ஆய்வின் 2020ஆம் ஆண்டு அட்டவணையில் ஏழரை லட்சம் குவாசர்கள் உள்ளன. ஆயினும் 273ஆம் எண்ணை, எட்டு அங்குலத் தொலைநோக்கி கிடைத்தால், ஏப்ரல் மாதத்து நிலவில்லா இரவில் நீங்களே கண்ணாற் காணலாம்.