கூடிப் பேசுவதும் வேலைதான்

   

இன்றைய அறக்கட்டளைச் சொற்பொழிவின் பொருள் உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்ததே. சக பேராசிரியர்களோடு நெடுநாளாக நான் போட்டுவரும் சண்டை அது. அவர்களில் சிலர் முன்வரிசையில் இருக்கிறார்கள். ஆனால் இன்று மைக் என்னிடம் இருக்கிறது.

படித்து முடித்து வேலைக்குப் போன சமூகப் பணியாளரின் திறமை எதனால் வளர்கிறது? பயிற்சியால் என்கிறார்கள் நண்பர்கள். ஆண்டுக்கு இரண்டு ஒர்க்‌ஷாப், வெளியிலிருந்து ஒரு வல்லுநர், மதியச் சாப்பாடு, கடைசியில் சர்டிபிகேட். பணியாளர்கள் தங்களுக்குள் உட்கார்ந்து கேஸ் பேசுவதை அவர்கள் ஆறுதல் கணக்கில் எழுதுகிறார்கள். நேரம் இருந்தால் செய்துகொள்ளட்டும் என்பார்கள். ஒரு நிதிக் கூட்டத்தில் ஒருவர், “அரட்டைக்கா பணம் கேட்கிறீர்கள்?” என்றே கேட்டார். அவருக்கு அன்று சொல்ல நேரம் கிடைக்காத பதிலைத்தான் இங்கே சொல்கிறேன்: அந்தப் பேச்சுதான் இந்தத் தொழிலின் மேற்படிப்பு. வகுப்பு அதற்குத் துணை.

வரலாறு என் பக்கம் இருக்கிறது. இந்தியாவின் முதல் சமூகப் பணிப் பள்ளி 1936-ல் கிளிஃபோர்டு மான்ஷார்ட் தலைமையில் மும்பை நாக்பாடாவில் பிறந்தது. சர் தோராப்ஜி டாடா பெயரில் அமைந்த அந்தப் பள்ளிக்கு முதலில் இடம் கொடுத்தது, உழைக்கும் மக்களுக்கு நடுவே இயங்கிவந்த நாக்பாடா அண்டை இல்லம். பாடம் ஒரு பக்கமும் வேலை ஒரு பக்கமும் என்று அங்கே பிரிக்க முடியாது. 1944-ல் பள்ளி டாடா சமூக அறிவியல் நிறுவனம் ஆயிற்று. மான்ஷார்ட்டுக்கு அடுத்த இயக்குநர் ஜே. எம். குமரப்பா தஞ்சாவூர்க் குடும்பத்துப் பிள்ளை, காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பாவின் உடன்பிறந்தவர். 1954-ல் நிறுவனம் தேவ்னாருக்கு வந்தது. அங்கேயும் களம் அருகே வந்து சேர்ந்தது: 1970களில், நகரின் பிற இடங்களிலிருந்து அகற்றப்பட்டவர்களை மாநகராட்சி கோவண்டி சிவாஜி நகரில் குடியேற்றியது. கோவண்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் வளாகம், மறுபக்கம் அந்தக் குடியிருப்பு. 2009-ஆம் ஆண்டு மும்பை மனித மேம்பாட்டு அறிக்கை, இவை இரண்டும் அடங்கிய எம் கிழக்கு வார்டைத்தான் கடைசியில் வைத்தது.

இனி என் முக்கிய சாட்சி. இந்திய தண்டனைச் சட்டத்தில், மனைவிக்கு இழைக்கும் கொடுமையைத் தண்டிக்கும் 498ஏ பிரிவு சேர்ந்தது 1983-ல். அடுத்த ஆண்டே மும்பைக் காவல்துறையும் டாடா சமூக அறிவியல் நிறுவனமும் சேர்ந்து, பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சிறப்புப் பிரிவைத் தொடங்கின. பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே உட்காருவார்கள், போலீஸ்காரர்களாக ஆகாமல். பின்னால் மகாராஷ்டிர அரசே அதை ஏற்று விரிவுபடுத்தியது. ஆய்வாளர்கள் இதன் சட்டப் பயனைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். என் கண் வேறொன்றில் நிற்கிறது. ஒரு பிரிவுக்கு இரண்டு பணியாளர்கள் என்பது அதன் அமைப்பு. ஏன் இரண்டு?

ஒரு கேஸைக் கற்பனை செய்துகொள்வோம். சிவாஜி நகரிலிருந்து ஒரு பெண் வருகிறாள். இடுப்பில் குழந்தை. நெல்லைத் தமிழில் தொடங்கி பம்பாய் இந்தியில் முடிக்கிறாள். கணவன் அடிக்கிறான். புகார் வேண்டாம், “கொஞ்சம் மிரட்டி விடுங்கக்கா, அது போதும்” என்கிறாள். வெளியே மாமியார் வீட்டார் நிற்கிறார்கள். ஹவல்தார் எட்டிப் பார்த்து, சமாதானம் பேசி அனுப்பிவிடுங்கள், கூட்டம் சேருகிறது என்கிறார். பணியாளருக்கு வழிகள் தெரியும்: கணவன்மேல் கொடுமை வழக்கு, 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணை, அல்லது கணவனைக் கூப்பிட்டுப் பேசுவது. மூன்றையும் வகுப்பில் படித்தவர்தான். அன்று கணவனைக் கூப்பிட்டுப் பேசுகிறார். அவனும் தலையாட்டிவிட்டுப் போகிறான். ரிஜிஸ்டரில் ஒரு பதிவு ஏறுகிறது.

சாயங்காலம் டீ வருகிறது. அடுத்த மேஜைக்காரி கேட்கிறாள். “இப்ப அவ எந்த வீட்டுக்குப் போயிருக்கா? சாவி யார் கையில இருக்கு? ரேஷன் கார்டுல அவ பேர் இருக்கா?” இவரிடம் பதில் இல்லை. பிறகு இன்னொரு கேள்வி: “கேஸ் வேணாம்னு அவ சொன்னதும் உன் முகத்துல ஒரு நிம்மதி தெரிஞ்சுதே, ஏன்?”

அந்தக் கடைசிக் கேள்வியை எந்தக் கையேடும் கேட்காது. சூப்பர்வைசரும் கேட்க முடியாது. கேட்டாலும் உண்மை வராது, ஏனென்றால் பதில் வருடாந்திர மதிப்பீட்டில் போய் உட்காரும். சம்பளத்திலும் பதவியிலும் சமமாக இருப்பவள், அதே நாற்றத்தையும் அதே ஹவல்தாரையும் தினமும் சகிப்பவள் கேட்டால்தான் இவர் வாய் திறப்பார். களைப்பாக இருந்தது, மணி ஐந்தரை, வழக்கென்றால் இன்ஸ்பெக்டரோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று பயந்தேன் என்பார். மறுநாள் காலை அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஹோம் விசிட் போவார். இதற்குப் பெயர் ஆறுதலா? ஒரு முடிவு திருத்தப்பட்டிருக்கிறது. ஒரு பெண்ணின் பாதுகாப்பு அதைப் பொறுத்து இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஸ்டேஷனில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தால் ஸ்டேஷனின் கண் நமக்கும் வந்துவிடும். “இது சின்ன அடிதானே” என்ற சொல் நம் வாயிலிருந்தே வரும். சொன்னவருக்கு அது கேட்காது. பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். இன்ஸ்பெக்டரிடம் முடியாது என்று சொல்வதற்கும் ஒருவர் போதாது.

முன்வரிசையின் மறுப்பு எனக்குத் தெரியும்: தவறு செய்யும் இருவர் ஒருவருக்கொருவர் முட்டுக்கொடுத்தால்? நியாயமான கேள்வி. அதனால்தான் பல பிரிவுகளின் பணியாளர்கள் மாதம் ஒருமுறை அனுபவசாலி ஒருவரோடு கூட வேண்டும் என்கிறேன். இந்த மறுப்பு சந்திப்புகளைக் கூட்டச் சொல்கிறது, ஒழிக்கச் சொல்லவில்லை.

இரண்டாவது மறுப்பு, இங்கிலாந்து. அங்கே பதிவு உண்டு, ஒழுங்குமுறை அமைப்பு உண்டு, கட்டாயப் பயிற்சி உண்டு. இங்கே மருத்துவர்க்கும் வக்கீலுக்கும் இருப்பதுபோல் சமூகப் பணி முழுவதற்கும் ஒரு சட்டக் கவுன்சில் இல்லை என்கிறார்கள். மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவ, மனநலச் சமூகப் பணியாளரை மட்டும் தொட்டது உண்மை. கவுன்சில் வரட்டும். ஆனால் இங்கிலாந்தின் விதியை முழுக்கப் படியுங்கள். பதிவைப் புதுப்பிக்க ஆண்டுக்கு இரண்டு கற்றல் குறிப்புகள் தர வேண்டும். அவற்றில் ஒன்றாவது சக பணியாளரோடு கலந்து பேசியதாக இருக்க வேண்டும். அரட்டை என்றவர் இதை எந்தக் கணக்கில் எழுதுவார்?

செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். மீதியை வேகமாகச் சொல்கிறேன். அங்கன்வாடிப் பணியாளர், மாநகராட்சியின் சுகாதாரத் தன்னார்வலர் ஆகியோருக்கும் இந்தக் கூடிப் பேசும் முறை பொருந்துமா என்று யாராவது ஆராய வேண்டும். அவர்கள் கூடும் கூட்டங்களில் பெரும்பாலும் எண்ணிக்கைதான் கேட்கப்படுகிறது. தமிழர் நிறைந்த சீத்தா கேம்ப் சந்துகளில் தமிழில் கேஸ் கேட்டு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவதால் எது விடுபடுகிறது என்று ஓர் ஆய்வு மாணவர் பார்க்கலாம். 1952-ல் தொடங்கிய சென்னை சமூகப் பணிப் பள்ளியின் களப்பணி மரபோடு இந்த முறையை ஒப்பிடலாம். ஒரே பணியாளரை வைத்து நடக்கும் சிறு அமைப்புகள் என்ன செய்வது என்பது தனிப் பொருள்.

அறக்கட்டளையாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு என்னைப் போல இன்னொருவரைக் கூப்பிட வேண்டாம். அந்தத் தொகையில் கோவண்டியிலோ மான்கூர்டிலோ ஓர் அறை பிடியுங்கள். பணியாளர்கள் மாதம் ஒரு பிற்பகல், லீவு போடாமல், சம்பளம் பிடிக்காமல் அங்கே கூட அவர்களுடைய நிறுவனங்களிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். டீச் செலவை நான் தருகிறேன்.