காகிதம் காத்த இசை

பியானோவின் கட்டைகள் தாமே எழுந்து தாழ, இன்னிசை பிறக்கிறது. எதிரே இருப்பவர் மிதிகட்டையை மிதிப்பவரேயன்றி வாசிப்பவர் அல்லர். வாசித்தவர் என்றோ மறைந்தவராயிருக்கலாம்!

இவ்விந்தை துளையிட்ட காகிதச் சுருளால் விளைவது. துருத்தி காற்றை உறிஞ்ச, துளை வருமிடத்தில் காற்றுப் புகுந்து, உரிய சுரத்தை எழுப்புகிறது. 1908இல் அமெரிக்க உற்பத்தியாளர்கள் பஃபலோ நகரில் கூடிச் சுருளின் அகலத்தை 11¼ அங்குலமென வரையறுத்தனர். ஒருவர் செய்த சுருள் மற்றவர் பியானோவிலும் ஒலிக்க வழி பிறந்தது.

ராக்டைம் இசையின் தலைசிறந்த கறுப்பினக் கலைஞர் ஸ்காட் ஜாப்ளின். அவரது ‘மேப்பிள் லீஃப் ராக்’ 1899இல் வெளியாயிற்று. 1917இல் அவர் மறைந்தார். அவர் வாசித்த இசைத்தட்டு ஒன்றேனும் அறியப்படவில்லை. எஞ்சியவை, 1916இல் அவர் வாசிக்கப் பதிவாகிய சில சுருள்களே.

சுருளையும் முற்றும் நம்புவதற்கில்லை. பிழை திருத்துவதும், பத்து விரலுக்கு எட்டாத சுரங்களைச் சேர்ப்பதும் தயாரிப்பாளர் வழக்கம். எது கலைஞரின் கைவண்ணம், எது பிறர் இட்ட துளை என ஆராய்வதே சேகரிப்போரின் பெரும்பணி.

நாட்பட்ட காகிதமோ நொறுங்குகிறது. ஒவ்வொரு முறை ஓட்டுகையிலும் ஓரம் கிழிகிறது. கேட்டு மகிழ்வதா, கேளாது காப்பதா? இன்று துளைகளைப் படமெடுத்துக் கணினியில் பதிகின்றனர். அப்படியிலிருந்து புதுச் சுருளும் துளைக்கின்றனர். முதலில் படியெடுப்போம், பின்னர் செவிமடுப்போம்.