வடித்த ஆயிலைக் கொட்டுவதற்கு முன்



தை பிறந்துவிட்டால் லால்குடி, அந்தநல்லூர், மண்ணச்சநல்லூர் பக்கமெல்லாம் சம்பா அறுவடை மும்முரமாகிவிடும். கதிர் அறுக்கும் மிஷின்களுக்கு இரவு பகல் கிடையாது. அந்த நேரத்தில் ஒரு மிஷின் நடு வயலில் நின்றுபோனால் என்ன பாடு என்று விவசாயிகளுக்குத் தெரியும். முற்றிய கதிர் காத்திருக்காது. வாடகை மிஷினும் அடுத்த ஊருக்குப் போயாக வேண்டும். குவாரியில் உழைக்கும் பொக்லைன், ஜல்லி ஏற்றும் டிப்பர், போர் போடும் வண்டி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு" என்பார்கள். பல நேரம் உள்ளே மாதக்கணக்கில் தேய்ந்துகொண்டே இருந்திருக்கும். தேய்ந்த உலோகம் ஆயிலில் கலந்துகொண்டே வந்திருக்கும். அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நம் ஊருக்கு அது புதிதும் அல்ல.

பொன்மலையை எடுத்துக்கொள்வோம். தென்னிந்திய ரயில்வே கம்பெனி தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து 1928-ல் இங்கே கொண்டுவந்தது. நீராவிக் காலம் முடிந்து டீசல் வந்தபோது, டீசல் எஞ்சின்களைப் பராமரிக்கும் ஊராகவும் பொன்மலை ஆனது. மீட்டர் கேஜ் காலத்திலும், அகலப்பாதை வந்த பிறகும், ஸ்ரீரங்கம் ஸ்டேஷனைத் தாண்டிக் கொள்ளிடப் பாலத்தில் சென்னை நோக்கிப் போன வண்டிகளை நெடுங்காலம் இழுத்தவை டீசல் எஞ்சின்கள்தான். அகலப்பாதையில் ஓடிய 2600 குதிரைத்திறன் ஆல்கோ வகை எஞ்சின் ஒன்றின் சம்பில் சுமார் 900 லிட்டர் ஆயில் நிற்கும். அத்தனையையும் நினைத்தபோதெல்லாம் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற முடியுமா? அதனால்தான் ரயில்வே டீசல் ஷெட்களில் ஆயில் ஆய்வகம் என்று தனியாகவே வைத்தார்கள். ஷெட்டுக்கு வரும் எஞ்சினிலிருந்து கொஞ்சம் ஆயிலை எடுத்து ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைப்பார்கள். எந்த உலோகம் எத்தனை பி.பி.எம். கலந்திருக்கிறது, அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று அது சொல்லிவிடும். இந்த முறையே ரயில்வேயில் பிறந்ததுதான். அமெரிக்காவில் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே வெஸ்டர்ன் ரயில்வே 1940-களில் தன் டீசல் எஞ்சின்களுக்கு இதைச் செய்துபார்த்தது. கப்பற்படையும் விமானத்துறையும் பிறகுதான் கற்றுக்கொண்டன.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது? இரும்பு ஏறினால் லைனர், கியர், கிராங்க் போன்றவை தேய்கின்றன. அலுமினியம் என்றால் பிஸ்டன். குரோமியம் என்றால் பெரும்பாலும் ரிங். ஈயமும் தகரமும் ஏறினால் பேரிங் மேல் சந்தேகம் வர வேண்டும். சிலிக்கான் என்பது மண். அது இரும்போடு சேர்ந்து ஏறினால், ஏர் ஃபில்டர் வழியாகவோ அதன் ஹோஸ் வழியாகவோ தூசி உள்ளே போகிறது என்று அர்த்தம். நம் குவாரி வண்டிகளில் அதிகம் பார்க்க வேண்டியது இந்த ஜோடியைத்தான். சோடியம் ஏறினால் ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலக்கிறது. ரயில் எஞ்சின்களில் துருப்பிடிக்காமலிருக்கத் தண்ணீரில் போரேட், நைட்ரைட் மருந்து கலப்பதால், போரானும் அங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. உதாரணத்துக்கு, ஒரு வண்டியில் இரும்பு வரிசையாக 20, 24, 27 என்று வந்துகொண்டிருக்கிறது. அடுத்த தடவை 60. அந்தத் தாவல்தான் எச்சரிக்கை. எப்போதும் 50-லேயே ஓடும் இன்னொரு வண்டிக்கு 60 பெரிய விஷயமாக இருக்காது. செம்பு விஷயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். செம்பு ஏறியதுமே பேரிங் போச்சு என்று எஞ்சினைப் பிரித்தவர்கள் உண்டு. ஆயில் கூலரின் உள்குழாய்கள் செம்பாக இருந்தால், ஆயிலில் உள்ள மருந்து அந்தக் குழாயோடு வினைபுரிந்தும் செம்பு ஏறும். புதிய எஞ்சினில் இது சகஜம். ஈயமும் தகரமும் கூடவே ஏறாமல் செம்பு மட்டும் ஏறினால், முதலில் கூலரை நினையுங்கள்.

இந்தச் சோதனைக்கு ஒரு குறையும் உண்டு. ஸ்பெக்ட்ரோமீட்டர் கண்ணுக்குத் தெரியாத பொடியைத்தான் கணக்கிடும். சில மைக்ரானுக்கு மேற்பட்ட துகள் அதற்குச் சரியாகப் பிடிபடாது. பேரிங் திடீரென்று செதில் செதிலாக உதிர்ந்தால் ரிப்போர்ட் நல்ல பிள்ளையாகவே வரலாம். அதனால் ஆயில் மாற்றும்போதெல்லாம் பழைய ஃபில்டரை அறுத்து, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்து வெயிலில் பாருங்கள். மினுமினுப்பு தெரிந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் மினுங்கினால் பேரிங்காகவோ பிஸ்டனாகவோ இருக்கலாம். இதற்கு ஆய்வகம் வேண்டாம், ஐந்து நிமிடம் போதும்.

இப்போது ஆயில் கூலருக்கு வருகிறேன். பேச வேண்டும் என்று நான் நினைத்ததே இதைப் பற்றித்தான்.

எஞ்சின் ஆயில் கூலருக்குள் ஒரு பக்கம் சூடான ஆயில், மறுபக்கம் ரேடியேட்டர் தண்ணீர். நடுவே மெல்லிய தகடோ குழாயோதான். அது எங்காவது ஓட்டை விழுந்தாலோ, ஓ-ரிங் காய்ந்து வெடித்தாலோ, இரண்டும் கலந்துவிடும். கலக்கும் விதத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஆயில் பிரஷர் தண்ணீர் பிரஷரைவிட அதிகம். ஆகவே ஆயில்தான் தண்ணீருக்குள் போகும். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் மேலே எண்ணெய் மிதக்கும், கொழகொழவென்று படிந்திருக்கும். எஞ்சினை நிறுத்தியதும் ஆயில் பிரஷர் பூஜ்யமாகிவிடும். சூடான தண்ணீரில் மட்டும் அழுத்தம் மிச்சமிருக்கும். அப்போது தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கும். காலையில் டிப் ஸ்டிக்கை எடுத்தால் ஆயில் பால் கலந்த நிறத்தில் இருக்கும். பலர் அதைப் பார்த்தவுடன் ஹெட் கேஸ்கெட்டைத்தான் குறை சொல்வார்கள். ஹெட்டைக் கழற்றுவார்கள், செலவாகும், மறுபடியும் ஆயில் வெளுக்கும். கூலரை முதலில் கழற்றிக் காற்று அழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தால் குமிழியே சொல்லிவிடும்.

சந்தேகமிருந்தால் இன்னொரு சுலபமான சோதனை. நன்றாகச் சூடேறிய இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு ஆயிலை விடுங்கள். தண்ணீர் இருந்தால் சடசடவென்று பொரியும். இல்லையென்றால் சத்தமில்லாமல் பரவிப் புகையும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அரியமங்கலம் பக்கம் ஒரு ஒர்க் ஷாப்பில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பேரிங் உருகி எஞ்சின் பிடித்துக்கொண்ட ஒரு பொக்லைன். கிராங்க் கிரைண்டிங், புது பேரிங், புது பிஸ்டன் என்று லட்சக்கணக்கில் செலவு செய்து ஓடவிட்டிருந்தார்கள். அடுத்த ஆயில் மாற்றும் காலம் வருவதற்குள் மறுபடியும் பேரிங் போய்விட்டது. பேரிங் தரமில்லை என்று ஒருவர், ஆயில் போலி என்று ஒருவர். வயதான மெக்கானிக் ஒருவர் ஒன்றும் பேசாமல் ஆயில் கூலரைக் கழற்றி, டீசல் ஊற்றிக் குலுக்கி, வெள்ளைத் துணியில் வடித்துக் காட்டினார். துணி முழுக்கச் சாம்பல் நிறப் பொடி, நடுவே அரிசிக் குறுணை அளவில் உலோகச் செதில்கள். முதல் தடவை உருகிய பேரிங்கின் மிச்சம் அது. எஞ்சினை முழுக்கக் கழுவியவர்கள் கூலரை மட்டும் அப்படியே மாட்டிவிட்டார்கள்.

அந்தச் செதிலை ஃபில்டர் தடுக்காதா என்று கேட்கலாம். ஃபில்டரில் ஒரு பைபாஸ் வால்வு இருக்கிறது. அதிகாலையில் ஆயில் கெட்டியாக இருக்கும்போதும், ஃபில்டர் அடைத்துக்கொண்டபோதும் அது திறந்துகொள்ளும். எஞ்சின் ஆயிலில்லாமல் ஓடக் கூடாதே என்பதற்கான ஏற்பாடு அது. அந்தச் சில நிமிடங்களில் வடிகட்டாத ஆயில் நேராகப் பேரிங்குக்குப் போகும். கூலருக்குள் இருக்கும் மடிப்புகளிலும் துடுப்புகளிலும் சிக்கிய செதிலை எத்தனை தடவை கழுவினாலும் முழுக்க எடுத்துவிட முடியாது. பேரிங் போன எஞ்சினில் கூலரை மாற்றியே ஆக வேண்டும் என்பதுதான் என் முடிவு. விலை கூடுதல்தான். இரண்டாவது தடவை எஞ்சின் கட்டும் செலவை நினைத்தால் அது ஒன்றுமே இல்லை.

ஹைட்ராலிக் ஆயிலுக்குத் தனிக் கூலர் உண்டு. அது காற்றில் ஆறுவது. அறுவடை மிஷின்களில் வைக்கோல் தூசும் பதரும் ரேடியேட்டருக்கும் கூலருக்கும் நடுவே போய் அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும், இடைவெளியில் கை விட்டால்தான் தெரியும். ஆயில் சூடு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் பாதியாகிறது என்பது எந்திரத் துறையில் நெடுநாளாக வழங்கும் கணக்கு. 80 டிகிரியைத் தாண்டினால் சீல்களும் கெட்டியாகி ஒழுக ஆரம்பிக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் அந்த எல்லை தூரத்தில் இல்லை. தினமும் வேலை முடிந்து மிஷின் ஆறிய பிறகு, காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறமிருந்து மிதமான அழுத்தத்தில் ஊதுங்கள். கம்ப்ரசர் முனையைப் பக்கத்தில் வைத்துப் பலமாக அடித்தால் துடுப்புகள் மடங்கிவிடும். அதன் பிறகு காற்றுப் போக வழியே இருக்காது.

போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்த உப்பு கூலர் குழாய்க்குள் படிந்தால் சூடு இறங்காது. கூலன்ட் கலந்த சுத்தத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

சாம்பிள் எடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். எஞ்சின் ஓடி நிறுத்திய சூட்டோடு எடுக்க வேண்டும். வடிக்கும்போது முதலில் வரும் ஆயிலை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான, காய்ந்த பாட்டிலில் பிடியுங்கள். வண்டி எண், ஹவர் மீட்டர் கணக்கு, ஆயில் ஊற்றி எத்தனை மணி நேரம் ஓடியது, நடுவே எத்தனை லிட்டர் சேர்த்தீர்கள் எல்லாவற்றையும் எழுதி ஒட்டுங்கள். இந்த விவரம் இல்லாத ரிப்போர்ட்டால் பயனில்லை. பெரிய மிஷின் கம்பெனிகளின் டீலர்களும் ஆயில் கம்பெனிகளும் இந்தச் சோதனையைச் செய்து தருகிறார்கள். 250 மணிக்கு ஒரு தடவை அனுப்பினால் உங்கள் வண்டியின் போக்கு உங்களுக்கே பிடிபட்டுவிடும். மிச்ச ஆயிலை வாய்க்காலிலோ கொள்ளிடக் கரையிலோ கொட்டாமல், அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் கொடுங்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

இன்றைக்கு யாருடைய எஞ்சினாவது ஒர்க் ஷாப்பில் பிரித்துக் கிடந்தால், அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மெக்கானிக் எழுதித் தந்த சாமான் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் ஆயில் கூலர் இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேட்டுவிட்டு அப்புறம் எஞ்சினை மூடச் சொல்லுங்கள்.