ஒரே ஹேஷ்டேக், ஒரே பதிவு

2015 டிசம்பர் சென்னை வெள்ளம் ஞாபகம் இருக்கா? ட்விட்டரில் ‘சென்னை ரெயின்ஸ் ஹெல்ப்’ என்ற ஹேஷ்டேக்கில் உதவி கேட்டவங்களும் கொடுக்க வந்தவங்களும் சந்திச்சாங்க. தன்னார்வலர்கள் அந்தத் தகவல்களைப் பொதுப் பட்டியலா தொகுத்தாங்க. அது பெரிய பலம். ஆனா, மீட்கப்பட்டவங்களுக்கான பழைய பதிவுகளும் சுத்திக்கிட்டே இருந்தது. அதை நம்பி ஒரே வீட்டுக்கு ரெண்டு படகு போனா, இன்னொரு மொட்டைமாடியில் யாரோ காத்துக்கிட்டு இருப்பாங்க.

சின்ன தொண்டு அமைப்பு ஒண்ணோட சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்துக்கிறவன் நான். மற்ற அமைப்புகள்கிட்ட நான் கேட்கிறது மூணுதான்.

ஒண்ணு: மழைக்கு முன்னாடியே பொதுவான ஹேஷ்டேக்கை முடிவு பண்ணுவோம்.

ரெண்டு: ஆளுக்கொரு போஸ்டர் வேண்டாம். இன்ஸ்டாகிராமில் ‘கொலாப்’ போட்டா, ஒரே பதிவு சேர்ந்தவங்க எல்லார் பக்கத்திலும் வரும். தகவல் மாறினா ஒரே இடத்தில் திருத்தினா போதும்.

மூணு: உதவி போய்ச் சேர்ந்ததும் ‘முடிஞ்சது’ன்னு எழுதுறது யார் பொறுப்புன்னு இப்பவே பேசிக்குவோம்.

யார் லோகோ மேலே வரணும்கிற சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். இடுப்பளவு தண்ணியில நிக்கிறவங்க லோகோவைப் பார்க்கிறதில்லை. படகு வருதான்னுதான் பார்க்கிறாங்க.